தௌபா செய்த கம்ப்யூட்டர்

காத்தான்குடியில் வாவிக்கரையோடு போகிற வீதியில், வீட்டின் முன் அறையையே கடையாக்கி வைத்திருந்தாள் ஸில்மியா. "இதத் திருத்தேலா, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க" என்று மற்றக் கடைக்காரர்கள் கைவிரித்த கம்ப்யூட்டர்களெல்லாம் கடைசியில் அவளிடம்தான் வந்து சேரும். குருக்கள்மடத்து நொத்தாரிசு ஒருவர் இருபது வருடத்துக் காணி உறுதிப் பத்திரங்களை வைத்திருந்த பெட்டி, வெல்லாவெளி நெல் ஆலையில் தவிட்டுத் தூசி குடித்துக் குடித்து மூச்சடைத்துப்போன பெட்டி என்று அறை முழுக்க இருக்கும். மட்டக்களப்பு டவுனில் ஒரு கடையில் ஆறு வருடம் வேலை செய்து பழகிய கை. அந்தக் கடை போன் மட்டும் விற்கிற கடையாக மாறியபோது, முதலாளி வேண்டாமென்று ஒதுக்கிய சாமான்களையெல்லாம் ஓட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

வயது முப்பத்து மூன்று. கலியாணம் ஆகவில்லை. அதைப் பற்றி அவளுடைய உம்மா பரீனா கவலைப்பட்ட அளவுக்கு அவள் கவலைப்படவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கடை வாசலில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. இறங்கியவர் ஏறாவூர் கலியாணத் தரகர் றவூப், ஊருக்கெல்லாம் அண்ணன் முறையில் றவூப் காக்கா. அறுபது தாண்டிய மனிதர், வெள்ளைச் சாரன், சட்டைப் பையில் மூன்று பேனை. ஓட்டோவுக்குள் கட்டில் விரிப்பால் சுற்றிய பெரிய உருப்படி ஒன்று இருந்தது.

"மெதுவாத் தூக்கு வாப்பா, மெதுவா. உள்ளுக்க நானூறு பேருக்கு மேல இரிக்காங்க" என்று ஓட்டோக்காரரைக் கெஞ்சினார்.

விரிப்பை அவிழ்த்ததும் பழைய பென்டியம் பெட்டி ஒன்று வெளியே வந்தது. மஞ்சள் பூத்த வெள்ளை. முன்பக்கத்தில் யாரோ ஒட்டிய ஸ்டிக்கர் பாதி உரிந்திருந்தது.

"மூணு நாளா உசிரில்லாமக் கிடக்கு புள்ள. பட்டன அமத்தினா ஒரு முனகல். மறுகா ஒண்டுமில்ல."

"எப்ப வாங்கின காக்கா?"

"சுனாமிக்கு அடுத்த வருஷம்."

"உங்கட மகன் டோஹாவில இருந்து லப்டொப் அனுப்பினதா உம்மா சென்னா?"

"அனுப்பினான். அதுக்குள்ள என்ட ஃபைலுகளப் போட்டுத் திறந்தா, எல்லாம் இங்கிலீசு எழுத்தும் புள்ளியும் கோடுமாக் கிடக்கு. என்ட மாப்பிள்ளமாரு ஒருத்தனையும் அடையாளம் தெரியல்ல. பேரனுக்குக் குடுத்துட்டன், அவன் கார் ஓட்டி விளையாடுறான்."

ஸில்மியாவுக்கு விளங்கிவிட்டது. அவர் தட்டச்சு செய்தது பழைய தமிழ் ஃபொன்ட் ஒன்றில்; புதியதில் அது இல்லை. அதை உள்ளே போட ஐந்து நிமிடம் போதும். சொல்ல வாயெடுத்தாள். ஆனால் றவூப் பெட்டியின் தலையைத் தடவிக்கொண்டு நின்ற விதத்தைப் பார்த்ததும் சொல்ல மனம் வரவில்லை.

போகும்போது அவர் திரும்பி வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு விசயம் மகள். உள்ளுக்க இரிக்கிறது ஒண்டையும் வாசிக்கப்படா. அது நம்பி ஒப்படைச்ச அமானிதம்."

அதுவரை ஸில்மியா யாருடைய ஃபைலையும் வாசித்தவள் அல்ல. நொத்தாரிசின் உறுதிகளையே வாசிக்காதவள். றவூப் அதைச் சொல்லாமல் போயிருந்தால் அன்றும் வாசித்திருக்கமாட்டேன் என்றுதான் பிறகு உம்மாவிடம் சத்தியம் செய்தாள்.

பெட்டியைக் கழற்றியபோது உள்ளே இரண்டு பல்லி முட்டை ஓடும், விரலளவுக்குத் தூசியும் இருந்தன. மதர்போர்டில் ஐந்து கப்பாசிட்டர்கள் தலை வீங்கி வெடிக்கிற பதத்தில் நின்றன. வாவிக் காற்றின் உப்பு அடித்துப் பல இணைப்புகள் பச்சை பூத்துக் கிடந்தன. செத்துப்போன வேறொரு போர்டிலிருந்து ஸில்மியா நல்ல கப்பாசிட்டர்களைக் கழற்றி, ஈயம் உருக்கி இதில் ஒட்டினாள். பச்சையைப் பழைய பல் தூரிகையால் தேய்த்துத் துடைத்தாள். மறுநாள் பகல் சாப்பாட்டுக்கு முன் பட்டனை அமர்த்தியபோது பெட்டி ஒரு தடவை செருமி, காற்றாடி சுற்றி, திரையில் அந்தப் பழைய பச்சைப் புல்வெளியைக் காட்டியது.

திருத்தினால் போதாது. ஒரு ஃபைலையாவது திறந்து பார்க்க வேண்டும். திறக்கிறதா என்று பார்ப்பதும் வேலையில் ஒரு பங்கு. மணமகள் என்றொரு பகுதி, மணமகன் என்றொரு பகுதி. பெயர்கள் ஊர்வாரியாக இருந்தன. காத்தான்குடியைத் திறந்தாள். வரிசையின் அடியில் ஸில்மியா என்ற பெயர் இருந்தது. முகவரியும் இந்த வீட்டு முகவரிதான்.

திறந்தாள்.

"வயது 27. அடக்கமான பிள்ளை. தையலில் கெட்டி" என்று மேலே இருந்தது. அதற்குக் கீழே, ஒவ்வொரு சொல்லின் அடியிலும் புள்ளிக் கோடு ஓட, வேறு சில வரிகள் இருந்தன.

"உண்மை: வயது கூட. தையல் தெரியாது. கம்ப்யூட்டர் திருத்துகிறாள், சொல்ல வேண்டாம். வாய் பெரிது. யாராவது பார்க்க வந்தால் பேச விட வேண்டாம் என்று தாயிடம் சொல்லி இருக்கிறேன். தாய் நல்ல மனிசி, பொய் சொல்ல வராது, கவனம்."

ஸில்மியா இரண்டு தடவை வாசித்தாள். அப்போதுதான் பல வருடமாக விளங்காமலிருந்த ஒன்று விளங்கியது. ஒருமுறை பெண் பார்க்க வந்த மாமி ஒருத்தி பைக்குள்ளிருந்து தன் சட்டை ஒன்றை எடுத்து, "இத இடுப்பில கொஞ்சம் ஒடுக்கித் தாங்க மகள்" என்று கொடுத்திருந்தாள். மனிசிக்கு ஏதோ மூளைச் சுகமில்லை என்று நினைத்து, ஸில்மியா அந்தச் சட்டையை ஸ்டேப்ளரால் ஒடுக்கிக் கொடுத்து அனுப்பிவைத்தாள். அந்தப் பேச்சு அதோடு முறிந்தது.

"உம்மா!"

பரீனா அடுப்படியிலிருந்து அகப்பையோடு வந்தாள். திரையைப் பார்த்தாள். அகப்பையைப் பின்னால் ஒளித்தாள்.

"எனக்குத் தையல் தெரியும் எண்டு ஆரு சென்ன?"

"நான் செல்லல்ல புள்ள. றவூப் காக்காதான் எழுதின. நான் பேசாம இரிந்தன், அவ்வளவுதான்."

"அப்ப அந்த மாமி சட்டையோட வந்த கிழமை சாச்சிட தையல் மெஷின நம்மட ஹோலுக்குள்ள கொண்டாந்து வெச்சது?"

பரீனா யோசித்தாள். "அது... வீட்டில இடம் இல்ல எண்டு சாச்சி சென்னா" என்று சொல்லிவிட்டு, கறி அடிப்பிடிக்கிறது என்று உள்ளே ஓடினாள். அடுப்பில் கறியே இருக்கவில்லை.

றவூப் சொன்னது சரிதான். உம்மாவுக்குப் பொய் சொல்ல வராது.

ஸில்மியா கதவைச் சாத்திவிட்டு மற்றவற்றையும் வாசித்தாள். ஒவ்வொருவருக்கும் இதே மாதிரித்தான்: மேலே சொல்வதற்கு, கீழே றவூபின் நினைவுக்கு. அவர் முன்பு ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் தட்டச்சு செய்தவர். வேர்டில் எழுத்தை மறைத்து வைக்கிற வித்தையை அங்கே யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். மறைத்த எழுத்து திரையில் புள்ளிக் கோட்டோடு தெரியும். பிரின்ட் எடுத்தால் தாளில் வராது. அவர் பதினைந்து வருடமாக அந்த ஒரு வித்தையை வைத்துத்தான் தொழில் நடத்தியிருக்கிறார்.

அதே வேர்டின் அமைப்புகளுக்குள் ஒரு சின்னக் கட்டம் உண்டு. மறைத்த எழுத்தையும் பிரின்ட் எடு என்று அதற்குச் சொல்லலாம். அதில் ஒரு டிக் போட்டால் போதும்.

ஸில்மியா டிக் போட்டாள்.

அந்த நேரத்தில் அவளுக்கு அது ஒரு விளையாட்டாகத்தான் தெரிந்தது. முதல் தாள் வெளியே வந்ததுமே மனிதர் கண்டுபிடித்துவிடுவார், வியர்த்துப்போய் ஓடி வருவார், அப்போது தையலைப் பற்றி நாலு வார்த்தை கேட்கலாம் என்று நினைத்தாள். றவூப் கம்ப்யூட்டரை எடுக்க வந்தபோது வாசலில் நின்று சிரித்த முகத்தோடு வழியனுப்பினாள்.

"நல்லாச் செஞ்சிரிக்காய் மகள். உனக்கும் ஒரு நல்ல இடமாப் பாக்கிறன்" என்றார் அவர்.

"பாருங்க காக்கா" என்றாள் ஸில்மியா.

வியாழன் போனது. றவூப் வரவில்லை. வெள்ளி போனது. வரவில்லை. அப்போதுதான் அவள் நாட்களைக் கணக்குப் பார்த்தாள். பெண் மாப்பிள்ளை வீட்டார் சந்திக்கிறது பெரும்பாலும் வெள்ளியில். தாள்களை அவர் வியாழனன்று எடுத்து உறையில் போட்டு அனுப்பிவிடுவார். வாசிக்கக் கண்ணாடி போட வேண்டியவர், சட்டைப் பையில் பேனைக்கு இடம் வேண்டும் என்று கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறவர். தாளை வாசித்தே பார்த்திருக்கமாட்டார். அவளுக்கு அவருடைய நம்பர் தெரியும். போனை இரண்டு தடவை எடுத்தாள். இரண்டு தடவையும் என்ன சொல்வதென்று தெரியாமல் வைத்துவிட்டாள்.

புதன்கிழமை அதே ஓட்டோ வந்தது. அதே கட்டில் விரிப்பு. றவூபின் முகம் ஒரு கிழமைக் காய்ச்சலில் கிடந்தவர் மாதிரி இருந்தது. கதிரையில் உட்கார்ந்து, ஒரு தம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

"புள்ள, இந்த மெஷின் தௌபா செஞ்சிட்டு" என்றார்.

"என்ன காக்கா?"

"பாவமன்னிப்புக் கேட்டு நேர்வழிக்குப் பெய்த்து. பொய் செல்லுதில்ல. செத்து மௌத்தாகித் திரும்பி வந்தா மனிசனே பொய் செல்லமாட்டான்தானே? இதுவும் அப்படித்தான். நான் ஒண்டு குடுக்க, அது உண்மையெல்லாம் அடிச்சுத் தள்ளுது."

ஸில்மியா முகத்தைத் திருப்பிக்கொண்டு மேசையிலிருந்த ஸ்க்ரூக்களை அடுக்கத் தொடங்கினாள்.

"ஏழு தாள் அனுப்பினன். ஏறாவூரில ஒரு வீட்டுக்கு, டோஹா ஹோட்டல் மனேஜர் எண்டு ஒரு மாப்பிள்ளைட தாள். அதுக்குக் கீழ என்ன வந்திரிக்கு தெரியுமா? 'வெங்காயம் உரிக்கிறான். அடுத்த மாசம் மனேஜர் ஆகலாம் எண்டு ஏழு வருசமாச் சொல்றான்.' அவன்ட உம்மா கூட்டுற தும்புத்தடியோட என்ட வீட்டுக்கு வந்துட்டா. நான் பின்னால மதிலேறிப் பாஞ்சன். இந்த வயசில!"

ஒரு ஸ்க்ரூ கீழே விழுந்தது. ஸில்மியா அதை எடுக்கக் குனிந்து, சிரித்து முடியும் வரை மேசைக்கடியிலேயே இருந்தாள்.

"இன்னொருத்தன், நல்ல பொடியன். 'தொப்பி இல்லாத படம் காட்ட வேண்டாம், தொப்பிக்குள் ஒன்றும் இல்லை' எண்டு எழுதி வெச்சிரிந்தன். தலமயிரச் சென்னன். அதுவும் தாளில வந்துட்டு. பொண் வீட்டில அந்தப் புள்ள இர்ஷானா வாசிச்சிட்டு விழுந்து விழுந்து சிரிச்சிரிக்கி. 'இவருக்குத் தலையாவது இரிக்கா எண்டு ஒருக்காப் பாக்கணும், வரச் செல்லுங்க' எண்டுதாம். போய்ப் பாத்து, இப்ப பேச்சு முத்திட்டு."

"அப்ப நல்லதுதானே காக்கா?"

"நல்லதுதான். ஆனா எனக்குப் பயமா இரிக்கி. நீ இதப் பழையபடி ஆக்கித் தா."

"பழையபடி எண்டா?"

றவூப் சொல்லைத் தேடினார். பொய் சொல்ற மாதிரி என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "கொஞ்சம்... வெக்கம் மானத்தோட நடக்கிற மாதிரி" என்றார்.

ஸில்மியா இந்தத் தடவை மறைக்காமல் சிரித்தாள். றவூப் சிரிக்கவில்லை. சாரனின் நுனியைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஒண்டுதான் மனசுக்குச் சரியில்ல" என்றார். "நிஸ்றா எண்டு ஒரு புள்ள, எங்கட ஊர்தான். சின்ன வயசில இருந்தே வலிப்பு வருத்தம் இரிந்த. அஞ்சு வருசமா ஒண்டுமில்ல. அதையும் நான் கீழ எழுதி வெச்சிரிந்தன். மாப்பிள்ள வீட்டில தாளப் பாத்துட்டு, வேணாம் எண்டுட்டாங்க. வாயாலயே பேசி நாள் குறிக்கிற வரைக்கும் வந்த பேச்சு, தாள் கடைசியாப் பேருக்குக் குடுத்தது. அந்தப் புள்ளைட உம்மா போனில அழுறா. நான் என்ன செல்ல?"

ஸில்மியா கையிலிருந்த ஸ்க்ரூவைக் கீழே வைத்தாள். அந்த ஃபைலை அவளும் வாசித்திருந்தாள். வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போயிருந்தாள். டிக் போடும்போது வெங்காயத்தையும் தொப்பியையும் நினைத்தாளே தவிர, அந்தப் பிள்ளையை நினைக்கவில்லை.

"காக்கா, மெஷின் தௌபா செய்யல்ல" என்றாள். "நான்தான் செஞ்சன்."

எல்லாவற்றையும் சொன்னாள். திறந்தது, வாசித்தது, அந்தக் கட்டம், அந்த டிக். முடிந்ததும் றவூப் சாரனின் நுனியை விட்டுவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"அமானிதம் எண்டு சென்னேனே மகள்."

கத்தியிருந்தால் அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் கத்தவில்லை.

"சென்னீங்க. நான் செஞ்சது பிழ. நாளைக்கு ஏறாவூருக்கு வாறன். நிஸ்றாட வீட்டுக்குப் போய் என்ட வாயாலயே செல்றன்." பிறகு அவள் குரல் உயர்ந்தது. "ஆனா காக்கா, நீங்க எழுதினது? நான் தையல்ல கெட்டியா? ஒரு பொத்தான் தைக்கத் தெரியாது எனக்கு! உங்களால ஒரு மாமிட சட்டைய ஸ்டேப்ளர் அடிச்சு அனுப்பினன்!"

"அதாலதானா?" என்று றவூப் எழும்பிவிட்டார். "அந்த மனிசி இண்டைக்கும் என்னோட பேசுறதில்ல!"

இருவரும் ஒரே நேரத்தில் உரத்துப் பேசிக்கொண்டிருந்தபோது வாசலில் ஸலாம் சொல்லும் குரல் கேட்டது. கறுப்பு அபாயா உடுத்த, நல்ல பருமனான பெண் ஒருத்தி நின்றாள். அவளுக்குப் பின்னால், ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நெடிய ஆண் ஒருவர்.

"ஓட்டமாவடியில இருந்து வாறம். நான் ஸகியா. இவன் என்ட தம்பி நிஸ்தார்" என்றாள் அவள். கையில் மடித்த தாள் ஒன்று இருந்தது. "றவூப் காக்கா அனுப்பின தாள். பொண் பாக்கிறதெண்டா முறையாச் செல்லிட்டு வரணும்தான். ஆனா இவன் ரெண்டு நாளா இந்தத் தாள வெச்சிக்கிட்டு எனக்கு இரிக்க வுடல்ல."

றவூப் கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தார். போன வியாழன், கம்ப்யூட்டர் திருந்திக் கிடைத்த சந்தோஷத்தில், ஸில்மியாவின் தாளையும் எடுத்து அனுப்பியிருந்தார். அதை அவர் இவளுக்குச் சொல்ல மறந்துபோயிருந்தார்.

ஸில்மியாவின் முகம் சிவந்தது. தன்னைப் பற்றி அந்தத் தாளில் என்ன இருக்கிறதென்று அவளுக்கு மனப்பாடம். பின் கதவில் உம்மாவின் தலை தெரிந்தது. சத்தம் கேட்டு வந்தவள், விருந்தாளிகளைக் கண்டதும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். முக்காடு தேடப் போயிருப்பாள்.

நிஸ்தார் அறையைச் சுற்றிப் பார்த்தார். கழற்றிக் கிடந்த பெட்டிகள், வயர்கள், மேசையில் றவூபின் கம்ப்யூட்டர்.

"எட்டு வருசமா எனக்குப் பொண் பாக்காங்க" என்றார் மெதுவாக. "வந்த தாள் எல்லாத்திலயும் ஒரே மாதிரி. ஓட்டமாவடியில இருந்து காத்தான்குடி வரைக்கும் எல்லாப் பொம்பிளையும் அடக்கம், எல்லாரும் தையல்ல கெட்டி. முதல் தடவையா ஒரு தாளில, தையல் தெரியாது எண்டு வந்திரிக்கி. அதுதான் ஆளப் பாக்கலாம் எண்டு வந்தன்."

"வாய் பெரிசு எண்டும் வந்திரிக்குமே?" என்று கேட்டாள் ஸில்மியா.

"ஓம். வாசல்ல நிக்கக்குள்ளயே கேட்டிச்சி."

ஸகியா தம்பியின் முழங்கையில் ஒரு இடி இடித்தாள். ஸில்மியாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் விட்டுக்கொடுக்க அவள் தயாரில்லை.

"என்ட தாள் உங்களுக்கிட்ட இரிக்கி. உங்கட தாளையும் நான் பாக்கத்தானே வேணும். இப்ப எடுக்கட்டா?"

"வேணாம் மகள்!" என்று றவூப் மேசைக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"எடுங்க" என்றார் நிஸ்தார்.

கடைப் பிரின்டரின் வயரை ஸில்மியா கம்ப்யூட்டரில் செருகினாள். பழைய பெட்டி விழித்துக்கொள்ள இரண்டு நிமிடம் எடுத்தது. அதற்கிடையில் ஸகியா, "ஐஸ் ஆலைக்குப் போனா பின்னேரம் வரைக்கும் தம்பிட கை விறைச்சுத்தான் இரிக்கும்" என்று எவரும் கேட்காத ஒன்றைச் சொன்னாள். தாள் மெல்ல மெல்ல வெளியே வந்தது. ஸில்மியா அதை எடுத்து, குரலைச் சரிசெய்துகொண்டு வாசித்தாள்.

"நிஸ்தார். வயது முப்பத்திரண்டு. கல்குடாப் பக்கம் ஐஸ் ஆலை ஒன்றில் பொறுப்பான உத்தியோகம். உண்மை: வயது முப்பத்தெட்டு. குறட்டை, அடுத்த வீட்டிலிருந்து முறைப்பாடு வந்தது. நாள் முழுக்க மீன்காரரோடு வேலை, ஆனால் மீன் வாயில் வைக்கமாட்டான். தானே சோறு கறி ஆக்குவான், பெண் வீட்டுக்குத் தெரிந்தால் மதிப்புக் குறையும். ராத்தாவுக்குச் சரியான பயம்."

"எனக்குப் பயமா?" என்று ஸகியா உறுமினாள். "ஆரு சென்ன? டேய், நீ எனக்குப் பயமா?"

நிஸ்தார் தரையைப் பார்த்தார். "இல்ல ராத்தா" என்றார்.

அறை முழுக்கச் சிரிப்பு வெடித்தது. ஸகியாவும் சிரித்தாள், அபாயாவின் கைநுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. கடைசியாகச் சிரித்தவர் றவூப். வேண்டாவெறுப்பாகத் தொடங்கி, பிறகு இருமல் வரும் வரை சிரித்தார். முக்காடும் பிளேன்டீத் தட்டுமாக வந்த பரீனா, என்ன நடந்ததென்று தெரியாமலே தானும் சிரித்தாள்.

அன்று யாரும் எதையும் முடிவு செய்யவில்லை. போகும்போது நிஸ்தார், திரும்பவும் வரலாமா என்று ஸில்மியாவிடமே நேரே கேட்டார். வரலாம் என்றாள்.

அடுத்த நாள் சொன்னபடி அவள் றவூபோடு ஏறாவூருக்குப் போனாள். நிஸ்றாவின் உம்மா கதவைத் திறந்தாள், கதிரையைக் காட்டினாள், ஆனால் ஒரு தம்ளர் தண்ணீர் கூடக் கொடுக்கவில்லை. ஸில்மியா தான் செய்ததை ஒன்றும் குறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். அந்தத் தாய் சுவரைப் பார்த்துக்கொண்டே, "எங்கட வருத்தம் உங்களுக்கு விளையாட்டாப் பெய்த்து" என்றாள். ஸில்மியா தலை குனிந்தபடி இருந்தாள்.

திரும்பும்போது நிஸ்றா வாசல் வரை வந்தாள். இருபத்து நாலு வயதுப் பிள்ளை, பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவள்.

"உம்மாக்குக் கோவம் ஆற நாள் எடுக்கும்" என்றாள். "எனக்கும் கோவம்தான் ராத்தா. அதச் செல்றதெண்டா நானே செல்லியிரிக்கணும், தாள் செல்லப்படா. ஆனா கலியாணத்துக்குப் பொறகு தெரிய வந்திரிந்தா அவங்க என்னைய என்ன செஞ்சிரிப்பாங்க எண்டு யோசிச்சன். போனது போகட்டும்." பிறகு றவூபைப் பார்த்தாள். "காக்கா, இனி என்ட தாள நான்தான் எழுதுவன்."

திரும்பி வந்து கடை வாசலில் இறங்கியதும் றவூப், கட்டில் விரிப்பை எடுத்து மடித்துக் கதிரையில் போட்டு, அதன் மேல் உட்கார்ந்தார்.

"டிக் அப்படியே இரிக்கட்டும்" என்றார். "எழுதினதத்தான் மாத்தணும். எல்லாத்தையும்."

மூன்று நாள் அவர் அங்கேயே இருந்தார். காலையில் வருவார், கண்ணாடியோடு. ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து, மறைத்து எழுதியதையெல்லாம் அழித்தார். நோய் வருத்தம், பழைய நிச்சயம், வீட்டுச் சண்டை என்று வந்த இடங்களில் அந்த வீட்டுக்குப் போன் எடுத்து, எழுதவா விடவா என்று கேட்டார். மற்றவற்றை மேலே வெளிப்படையாக எழுத நல்ல சொல் தேடினார். அதுதான் பெரிய பாடாக இருந்தது.

"புள்ள, கஞ்சனுக்கு மரியாதையா என்ன செல்லலாம்?"

"சிக்கனம்."

"இவன் சிக்கனம் இல்ல மகள். விருந்தாளி வந்தா ஃபேன நிப்பாட்டுறவன்."

"அப்ப, கரண்டில கவனம் எண்டு எழுதுங்க."

றவூப் திருப்தியோடு தட்டச்சு செய்தார். ஒற்றை விரல்தான் என்றாலும் சட்டத்தரணியின் அலுவலகத்து வேகம். அரைமணி நேரத்துக்குப் பிறகு மறுபடியும் தலையைத் தூக்கினார்.

"மாமியாரோட சண்ட பிடிச்சு மூணு வீடு மாறி, கடைசியில விவாகரத்தான மருமகளுக்கு?"

"பல ஊர்ப் பழக்கம் உள்ளவ."

அதற்கு அவர் நெடுநேரம் யோசித்தார். "இது திரும்பவும் பொய்யாப் போகுதே" என்றார். ஸில்மியா ஒத்துக்கொண்டாள். இரண்டு பேரும் சேர்ந்து அதை அழித்து, தனிக்குடித்தனம் விரும்புகிறார் என்று எழுதினார்கள். அந்த மருமகளுக்கு இரண்டாம் கலியாணம் ஆறு கிழமைக்குள் சரிவந்தது.

நிஸ்தார் நாலு தடவை வந்தார். முதல் தடவை ஸகியாவோடு, மற்றத் தடவைகளில் ஸகியாவுக்குச் சொல்லாமல். நாலாம் தடவை ஸில்மியா, கடையை மூடமாட்டேன், இந்த ஊரை விட்டும் வரமாட்டேன் என்று சொன்னாள். அவர் சரி என்றார். பேச்சு முடிந்தது, நிக்காஹ் பெருநாளுக்குப் பிறகு என்று நாள் குறித்தார்கள்.

அதற்கிடையில் மழை பிடித்தது. கடைக் கூரையில் அஸ்பெஸ்டஸ் சீற் ஒன்று வெடித்திருந்தது நிஸ்தாருக்குத்தான் முதலில் தெரிந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும், புதுச் சீற் ஒன்றை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து ஏணி கேட்டார். பரீனா பதறிப்போனாள்.

"நிக்காஹ் முடியல்ல, மாப்பிள்ள கூரைல நிக்கிறார்! தெருவெல்லாம் பாக்குது! இறங்குங்க தம்பி, ஆரும் கேட்டா நான் என்ன செல்ல?"

"கூரை திருத்த வந்த ஆள் எண்டு செல்லுங்க மாமி" என்றார் அவர் மேலிருந்து, வாயில் இரண்டு ஆணியோடு.

பரீனா வீதியைப் பார்த்தாள். எதிர்வீட்டு மனிசி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, அது ஆர் என்று கேட்டாள். பரீனா வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடியும் திறந்தாள்.

"எங்கட மாப்பிள்ள" என்றாள்.

ஸில்மியா ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டு, அடுத்த ஆணியை மேலே நீட்டினாள்.